கிண்ணத்தில் போடாத கடதாசி

தட்டை எந்தக் கையில் பிடிப்பது, முள்ளுக்கரண்டியை எந்தப் பக்கம் வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அது கொஞ்ச நாளில் தானாகவே கைக்கு வந்துவிடும். தம்புள்ளைப் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் ஹோட்டலில் மேசை வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கு நீங்களும் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். படித்தவர்களுக்குப் பரிமாறியதுதான் என் மற்றப் படிப்பெல்லாம். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படைத்தவனை நினைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் நடந்ததையும் அதன் பின்னால் வந்ததையும் சொல்கிறேன்.

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில், தோட்டத்துரைமாருக்கு ஒரு சின்னக் கிளப் இருந்தது. இப்போது அந்தக் கட்டடத்தில் கூரைகூட இல்லை. நாடு சுதந்திரம் அடைந்து கொடி மாறியிருந்தது. கிளப்பில் கதிரைகள் மட்டும் மாறவில்லை. அவற்றில் உட்கார்ந்தவர்களும் அநேகமாக வெள்ளைக்காரர்கள்தான்.

வேலைக்குச் சேரும்போதே ஒன்றைச் சொல்லிவிட்டேன். மதுபானம் எதையும் என் கையால் ஊற்றமாட்டேன், அந்தக் கிளாசைக் கழுவவும்மாட்டேன் என்றேன். சமைக்கிற குசினிக்கும் எங்கள் எல்லோருக்கும் தலைவராக இருந்த அப்பு, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனிதர், நெற்றியில் திருநீறு அழியாதவர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பள்ளிவாசல்ல வேலைக்குச் சேர்ந்துட்டுத் தொழமாட்டேன்னு சொல்ற மாதிரி இருக்கே தம்பி" என்றார்.

ஆனாலும் அவர்தான் கிளப் தலைவரிடம் போய் எனக்காகப் பேசினார். தலைவர் பக்கத்துத் தோட்டத்தின் பெரிய துரை. வயதானவர், உயரமானவர், அதிகம் பேசாதவர். அவர் யோசித்து எனக்கு மூன்று வேலைகள் கொடுத்தார். தேத்தண்ணி, பிஸ்கட், பிறகு சொல் மேசை.

சொல் மேசை என்பது நாங்கள் வைத்த பெயர். சனிக்கிழமை டென்னிஸ் முடிந்து, தேத்தண்ணி குடித்து, குளிருக்கு நெருப்பு மூட்டிய பிறகு ஐந்தாறு துரைமார் வட்டமேசையில் உட்காருவார்கள். ஒருவர் தடித்த அகராதியைப் புரட்டி, யாரும் கேள்விப்படாத நீளமான இங்கிலீஷ் சொல் ஒன்றைத் தேடி எடுத்து உரக்கச் சொல்வார். அதன் உண்மையான பொருளை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பொய்ப் பொருளை, உண்மைபோலவே தோன்றும்படி எழுதுவார்கள். எல்லாவற்றையும் ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி, சொல்லை எடுத்தவர் ஒவ்வொன்றாக வாசிப்பார். எது உண்மை என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் பொய்யை யாராவது நம்பினால் உங்களுக்குப் புள்ளி.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வாசிக்கிறவர் யாருடைய கையெழுத்திலாவது தடுமாறினால் அது பொய் என்று பிடிபட்டுப் போகும். ஆகையால் கிண்ணத்தில் போடுமுன் ஒரு ஆள் ஒவ்வொரு கடதாசியையும் வாசித்துப் பார்க்க வேண்டும். விளங்காத எழுத்து என்றால் வாய் திறக்காமல் தட்டில் வைத்து, எழுதியவர் முன்னால் நீட்ட வேண்டும். அவர் திருப்பி எழுதித் தருவார். அந்த ஆள் நான். என்னை ஏன் பிடித்தார்கள் என்றால், நான் இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். சிவந்த தாடி வைத்த ஒரு துரை இருந்தார். தோட்டத்து ஆட்களிடம் பழகிய தமிழில் அவர் அடிக்கடி சொல்வார்: "காதருக்கு விளங்கினா கழுதைக்கும் விளங்கும்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உண்மைதானே.

அந்த மேசையால் நான் கற்றுக்கொண்ட சொற்களைக் கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள். ஸ்டெர்னுட்டேஷன் என்றால் தும்மல். பொர்பொரிக்மஸ் என்றால் வயிறு இரைவது. அந்தச் சொல் வந்தது நோன்பு மாதத்தில். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. கதிரைக்குப் பின்னால் நின்ற என் வயிறு அதற்கு உதாரணமே காட்டியது. சூப்பரெரகேஷன் என்று ஒன்று. விதித்த கடமைக்கு மேலே விரும்பிச் செய்வது. கட்டாயமான பர்ளுக்கு மேலே நாங்கள் விரும்பித் தொழுகிற நபிலை இங்கிலீஷ்காரனும் அறிந்திருக்கிறானே என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. எல்லாவற்றிலும் நீளமானது ஃப்ளோக்ஸினோசினிஹிலிபிலிஃபிகேஷன். ஒரு பொருளை ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்குவதாம். அதைக் குசினியில் மூச்சுப் பிடித்துச் சொல்லிக் காட்டினேன். அப்பு வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவே இல்லை.

"அதுக்கு நம்மகிட்ட ஒரே எழுத்துதான் இருக்கு. சீ."

அந்த அப்பு எனக்குச் சொல்லித்தந்தது ஒன்று உண்டு. மேசையில் உன் கைக்கு வருவது எதுவும் உன்னுடையதல்ல என்பார். எங்கள் பள்ளிவாசலில் அதற்கு அமானிதம் என்று சொல்வார்கள். நம்பி ஒப்படைத்த பொருள். அதைத் தொலைக்கவும் கூடாது, திறந்து காட்டவும் கூடாது, உரியவரிடம் திரும்பக் கொடுக்க வேண்டும். அவர் கும்பிட்டது வேறு, நான் தொழுதது வேறு. இந்த விஷயத்தில் இருவரும் ஒன்றாக இருந்தோம்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

பெரிய துரையின் தோட்டத்துக்கு, அவருக்குக் கீழே நிர்வாகம் பார்க்க, புதிதாக ஒரு சின்னத்துரை வந்திருந்தார். கொழும்பில் பெரிய கல்லூரியில் படித்த தமிழ்ப் பிள்ளை. அந்தப் பக்கத்தில் அந்த வேலைக்கு வந்த முதல் நம்மவர். தகப்பன் இல்லை, தாயும் தங்கைமாரும் கொழும்பில் ஒரு உறவுக்காரர் வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பெரிய துரை ஒரு வார்த்தை நல்லதாக எழுதினால் நிரந்தரம், பங்களா, எல்லாம். எழுதாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முதல் தடவை தேத்தண்ணி கொடுத்தபோதே என்னைப் பேர் கேட்டு, "அம்மாவை இங்க கூட்டிட்டு வந்துடணும் காதர். அது ஒண்ணுதான்" என்று சொன்னார். ஒரு துரை என்னிடம் தன் தாயைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அன்று அவரைப் பெரிய துரையே சொல் மேசைக்கு அழைத்திருந்தார். நம் நாட்டவர் ஒருவர் அந்த மேசையில் உட்காருவது அதற்கு முன் நடந்ததில்லை. அவர் எவ்வளவு நன்றாகக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்பது அவர் கழுத்துப்பட்டியின் முடிச்சிலேயே தெரிந்தது. தேத்தண்ணி நேரத்தில், மோட்டார் சைக்கிளில் வரும்போது பனியில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். முன்சில்லே தெரியவில்லையாம், எதிரே மாடு வருகிறதென்று ஒதுங்கிப் பார்த்தால் அது தபால்காரராம். நன்றாகத்தான் சொன்னார். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. பெரிய துரை யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாடித் துரை அவசரமாக டென்னிஸ் பற்றிப் பேசத் தொடங்கினார். புதியவருக்கு அது ஒன்றும் தெரியவில்லை.

காரணம் இதுதான். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெரிய துரைக்கு ஒரு பெண் பிள்ளை இருந்தது. நாலு வயசு. ஆயா ராக்கம்மாவோடு பங்களாவுக்கு மேலே இருந்த புல்வெளிக்குப் போன ஒரு நாள், பனி இறங்கிவிட்டது. அந்த மலைப்பனி உங்களுக்குத் தெரியும். வந்தால் கதவைச் சாத்தியது போல வரும். பக்கத்தில் நின்ற பிள்ளை ஆயாவின் கைக்கு எட்டவில்லை. மறுநாள் ஓடைப் பள்ளத்தில்தான் கண்டெடுத்தார்கள். பிள்ளையின் தாய், துரைசானி, கப்பலேறி ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ராக்கம்மாவை ஏசி, அந்த வாரமே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தைவிட்டு அனுப்பினார்கள். பனி வரும் துரை, இன்னைக்கு வேணாம் என்று அவள் சொன்னதாகவும், போ என்று அனுப்பியவர் துரைதான் என்றும் லயங்களில் பேச்சு இருந்தது. கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறந்ததில்லை.

விளையாட்டுத் தொடங்கியது. சொல் எடுக்கும் முறை பெரிய துரைக்கு. அவர் எடுத்தது ஹொரிபிலேஷன். உண்மையான பொருள், குளிராலோ பயத்தாலோ உடம்பு மயிர் சிலிர்த்து நிற்பது. எல்லோரும் எழுதினார்கள். நான் தட்டோடு சுற்றி வந்து சேர்த்து, மூலையில் இருந்த சின்ன மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருவர் பன்றிக்கு வரும் நோய் என்று எழுதியிருந்தார். தாடித் துரை ஒயின் வியாபாரிகள் கட்டும் வரி என்று எழுதியிருந்தார். பெரிய துரையின் கடதாசி சரி. கடைசியாகச் சின்னத்துரையுடையது. அச்சடித்தது போன்ற அழகான எழுத்து. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

மலைநாட்டுப் பெரிய மனிதர்களின் ஒரு பழக்கம். மூடுபனியில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு ஆயாவை ஏசுவது.

அகராதி சொன்ன அந்த மயிர்சிலிர்ப்பு எனக்கு வந்துவிட்டது.

அவர் பகிடிக்கு, சிரிக்க வைக்கத்தான் எழுதினார். பனியில் வந்த ஞாபகமும், எதற்கெடுத்தாலும் ஆயாவை ஏசுகிற துரைமாரைப் பார்த்ததும் மனதில் இருந்திருக்கிறது. இது எனக்குத் தெரியும். ஆனால் மேசையில் இருந்த வேறு யார் அதை நம்புவார்கள்? லயத்துப் பேச்சைப் பொறுக்கிக்கொண்டு வந்து, அழைத்த மனிதரின் முகத்தில் எறிந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். இதை உரக்க வாசிக்கப் போகிறவர் பெரிய துரை. முன்கூட்டிப் பார்க்காமல், கிண்ணத்தில் கைவிட்டு எடுத்து, தன் சொந்த வாயால், எல்லோருக்கும் முன்னால்.

எனக்குப் பின்னால் கதிரைகள் அசையும் சத்தம் கேட்டது. கிண்ணத்துக்காகக் காத்திருந்தார்கள்.

தம்பிமாரே, இப்படி நேரம் உங்களுக்கும் வரும். அந்த நேரத்தில் எளிதான வழிதான் முதலில் கண்ணில் படும். அந்தக் கடதாசியைச் சட்டைக் கைக்குள் செருகிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அது களவு. என்னை நம்பித் தந்த பொருளை நான் மறைப்பது. கிண்ணத்தில் போட்டுவிட்டு, நான் வெறும் பரிமாறுகிற ஸ்டூவர்ட், எனக்கென்ன என்று நிற்கலாம். அது அதைவிட மோசம். யா அல்லாஹ், வழி காட்டு என்று மட்டும் உள்ளுக்குள் சொன்னேன். எனக்கென்று இருந்த அதிகாரம் ஒன்றே ஒன்று: கடதாசியை எழுதியவரிடமே திருப்பிக் கொடுப்பது. தட்டில் வைத்தேன். போய்ச் சின்னத்துரை முன்னால் நீட்டினேன்.

அவர் கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேசை முழுக்கப் பார்த்தது. தாடித் துரை விடுவாரா? "கல்லூரி எழுத்து காதருக்குப் போதாது போல இருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையின் காது சிவந்து போனது. அவர் என்ன நினைத்திருப்பார் என்பது எனக்கு விளங்கியது. வெள்ளைக்காரர் ஐந்து பேருக்கு நடுவில், தன் எழுத்தைத் திருப்பிக் கொண்டுவந்து நீட்டுகிறவன் தன் நாட்டுக்காரன்.

எந்தச் சொல் விளங்கவில்லை, விரலால் காட்டு என்று இங்கிலீஷில் கேட்டார். காட்டினால் அந்தச் சொல்லை அவர் உரக்கச் சொல்லிவிடுவார். நான் காட்டவில்லை.

"மாத்தி எழுதித் தாங்க சேர்" என்றேன்.

அவர் கோபத்தை அடக்கிக்கொண்டு சிரித்தார். அப்படியென்றால் நானே வாசித்துவிடுகிறேன், யாருக்கும் கஷ்டம் வேண்டாம் என்று கடதாசியை எடுக்கக் கை நீட்டினார். நான் என் கையை அதன்மேல் வைத்தேன். அவருடைய விரல்கள் என் கைக்குக் கீழே இருந்தன. ஸ்டூவர்ட் ஒருவன் மெம்பர் கையைத் தொடுவது அந்தக் கிளப்பில் நடக்காத காரியம். சிரிப்பு நின்றது. 

"காதர், என்ன விஷயம்?" என்று தமிழில் கேட்டார் பெரிய துரை.

பொய் சொன்னால் அந்த நேரம் தப்பியிருக்கலாம். பொய் என் நாக்குக்கு வரவில்லை. அதற்காக அல்லாஹ்வுக்கே புகழ்.

"சேர், இது நம்பி என்கிட்ட தந்த கடதாசி. இதுல என்ன இருக்குன்னு நான் சொல்லக்கூடாது. ஆனா இத நான் கிண்ணத்துல போடமாட்டேன். எழுதினவர்கிட்டயே குடுக்கிறேன். அதுக்கு என்னை வேலையில இருந்து அனுப்புறதுன்னா அனுப்புங்க."

பெரிய துரை கை நீட்டிக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை. அகராதியை மூடி வைத்தார். பிறகு, காதர் மாட்டேன் என்றால் மாட்டேன்தான், ஒரு கடதாசி குறைவாகவே ஆடுவோம் என்றார். நான் கையை எடுத்தேன். சின்னத்துரை அந்தக் கடதாசியைக் கசக்கி நெருப்பில் எறிந்தார். அதற்குப் பிறகு அவர் நன்றாக ஆடவில்லை.

குசினிக்குப் போனால் அங்கே அப்பு இடிமேகம் போல நிற்கிறார். மெம்பர் கையில் கை வைத்தாயா என்றார். உன் மதம் கிளாசைத் தொடவேணாம்னு சொல்லிச்சு, துரை கையைத் தொடலாம்னு சொல்லிச்சா என்றார். அதில் என்ன எழுதியிருந்தது, என்னிடமாவது சொல், நான் தலைவரிடம் பேசுகிறேன் என்றார். நான் சொல்லவில்லை.

"அப்ப உன்னைக் காப்பாத்த என்கிட்ட ஒண்ணும் இல்லடா" என்று அவர் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை.

அந்த நேரத்தில்தான் சின்னத்துரை குசினி வாசலில் வந்து நின்றார். மெம்பர்மார் அங்கே வருவதில்லை. சத்தம் போடவில்லை. திங்கட்கிழமை உன்னைப் பற்றிக் கமிட்டிக்கு எழுதப் போகிறேன் என்றார். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும் என்றார்.

"தாடிக்காரன் செஞ்சா எனக்கு விளங்கும். நீ ஏன்யா செஞ்ச?"

அப்பு அடுப்பைப் பார்க்கிற மாதிரி பின்பக்கம் போய்விட்டார். பெரிய மனிதர் என்றால் அவர்தான்.

நான் யோசித்தேன். மற்றவர் துக்கத்தை எடுத்து என் வேலையைக் காப்பாற்றுவதா? ஆனால் அது மூடிவைத்த இரகசியம் இல்லை. அந்த மலையில் அவர் ஒருவருக்கு மட்டும்தான் அது தெரியாது. தெரியாமல் விட்டால் இன்னொரு நாள் இன்னொரு இடத்தில் இதே பகிடியைச் சொல்வார். அதனால் சொன்னேன். பிள்ளை, பனி, ஓடை, ராக்கம்மா. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நீங்க எழுதினது வேற யாருக்கும் தெரியாது சேர், இனியும் தெரியாது என்றேன்.

அவர் அரிசிப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். கழுத்துப்பட்டியை இழுத்துத் தளர்த்தினார்.

"அவர் வாசிச்சிருப்பார்" என்றார். "அவரே வாசிச்சிருப்பார், இல்லையா?"

ஆமாம் என்றேன். ஒரு கோப்பை சூடான தேத்தண்ணி கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். இதோடு முடிந்தது, கமிட்டியும் இல்லை ஒன்றும் இல்லை என்று நான் மனதுக்குள் இறைவனுக்கு நன்றியாக ஷுக்ர் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் எழும்பினார். பெரிய துரையிடம் போய் நான் எழுதியதைச் சொல்லப் போகிறேன் என்றார்.

வேணாம் சேர், நெருப்புல போனது போகட்டும் என்றேன். உங்க அம்மாவை நினைச்சுப் பாருங்க என்றேன். இதற்கு மேல் ஒரு ஸ்டூவர்ட் சொல்ல முடியுமா?

"நீ எனக்குத் திருப்பித் தந்த. எரிச்சது நான்தானே. எழுதினதும் நான்தான். அந்த மனுஷன் என்னை அந்த மேசைக்குக் கூப்பிட்டவர், காதர்."

திங்கட்கிழமை காலையில் அவர் பெரிய துரையின் கந்தோருக்கு, அதுதான் ஆபீசுக்கு, போனார் என்று தோட்டத்து ஆட்கள் மூலம் தெரிந்துகொண்டேன். அந்த வாரம் முழுக்க நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கிளப்புக்குக் கீழே ரோட்டில் லொறி போகிற சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன், அவருடைய பெட்டி இருக்கிறதா என்று. வீட்டில் மனைவி கேட்டதற்கு, ஒரு பிள்ளையின் வேலைக்காக அல்லாஹ்விடம் துஆச் செய் என்று மட்டும் சொன்னேன். யார் பிள்ளை என்று அவள் கேட்கவில்லை, செய்தாள்.

சனிக்கிழமை மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவர் நேரே குசினி வாசலுக்கு வந்தார். முகம் மெலிந்திருந்தது. நடந்ததைச் சொன்னார். எழுதியதை ஒரு வார்த்தை மாற்றாமல் பெரிய துரையிடம் சொன்னாராம். அவர் மேசையில் இருந்த பேனையை எடுத்து மூடியைக் கழற்றினாராம், மாட்டினாராம், திரும்பக் கழற்றினாராம். இதோடு முடிந்தது என்று இவர் நின்றிருக்கிறார்.

"ஆயாவை ஏசுற பழக்கம்னா எழுதின?" என்று கேட்டாராம்.

"ஆமா சேர்."

"பழக்கம்தான்" என்றாராம். "நம்ம எல்லாருக்கும் இருக்கிற பழக்கம்தான்."

பிறகு, நீ போய் மேல்மலையில் கொழுந்து எடுப்பதைப் பார் என்று அனுப்பிவிட்டாராம். அவ்வளவுதான். பெட்டி கட்டச் சொல்லவில்லை. அந்த வருஷம் முடியும்போது வேலை நிரந்தரமாகியது. தாயும் தங்கைமாரும் கொழும்பிலிருந்து ரயிலில் மாத்தளைக்கு வந்து இறங்கியபோது சாமான்களைத் தூக்க நானும் போயிருந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்து, நீங்கதான் காதரா என்று கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதுவரை உள்ளதை மட்டும் சொல்லி நிறுத்தினால், நான் ஏதோ பெரிய புத்திசாலி என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துத் திரிந்தேன். அந்தக் கடதாசி பெரிய துரையிடம் போகாமல் தடுத்தவன் நான் என்று. ஆனால் அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பாருங்கள். மேலே அனுப்புகிறவன் ஒருவன் இருக்கும்போது தடுக்க நான் யார்? எனக்கு விதித்திருந்தது, எல்லோர் முன்னாலும் அது அவரை அடிக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். விருந்தாளியின் பிழை உங்கள் கைக்கு வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அதை நீங்களே திருத்தி மறைத்துவிடாதீர்கள், ஊருக்குக் காட்டவும் செய்யாதீர்கள். அவர் கையில் திருப்பி வையுங்கள். அவர் அதை என்ன செய்கிறார் என்பது உங்கள் கணக்கில் இல்லை.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு நாள். காலைத் தேத்தண்ணியை நான் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பெரிய துரை கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், ராக்கம்மா எங்கே இருக்கிறாள் தெரியுமா என்று. மாத்தளையில் மாரியம்மன் கோயில் வாசலில் பூக் கட்டி விற்கிறாள் என்றேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அக்கா என்று கூப்பிட்டுச் சுகம் விசாரிப்பேன். துரை காரை எடுக்கச் சொன்னார். என்னையும் முன் சீட்டில் ஏறச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அல்லாததால் வாசலில் கூட்டம் குறைவு. ராக்கம்மா சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்தாள். எழும்பவில்லை. கையில் இருந்த சரத்தைக் கட்டிக்கொண்டே இருந்தாள். துரை தொப்பியைக் கழற்றினார். அவ்வளவு உயரமான மனிதர், அவள் முன்னால் குந்தி உட்காரப் பார்த்தார், முழங்கால் மடங்கவில்லை, குனிந்து நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அவருக்குத் தமிழ் தெரியும் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அவருக்குத் தெரிந்தது வேலை வாங்கும் தமிழ். வா, போ, எடு, வெட்டு, சீக்கிரம். மூச்சுப் பிடித்துச் சொல்ல வேண்டிய எத்தனையோ நீளச் சொற்களுக்குப் பொருள் சொன்ன மனிதர், அந்தப் பூச் சாக்கின் முன்னால் நின்று என்னிடம் மெதுவாக இங்கிலீஷில் கேட்டார்.

"காதர், பிழை என்னுடையதுன்னு சொல்றதுக்குத் தமிழ்ல என்ன சொல்லணும்?"

சொல்லிக் கொடுத்தேன். "எம்மேலதான் பிழை. மன்னிச்சுக்கோ ராக்கம்மா." அவர் அதை ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார், எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன் போல. ஒரு சொல் இடறியது. நின்று, அதை மறுபடி முதலிலிருந்து சரியாகச் சொன்னார்.

ராக்கம்மாவின் கை நின்றது. அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசினாலும் நியாயம்தான்.

"துரைசானியம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். "ராத்திரியில தூங்குறாங்களா?"

துரை பதில் சொல்லத் தொடங்கினார். நான் அங்கே நிற்கவில்லை. காரின் மறுபக்கம் போய், ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.